ஆராய்ச்சிக்கு ஒரு கணக்கு, சேவைக்கு ஒரு கணக்கு

இணையத்தின் பிறப்பைச் சொல்லும் நூல்கள் அநேகமாக எல்லாமே ஒரு பணக் கதையில் வந்து நிற்கும். 1966ஆம் ஆண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான அர்பாவில் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த பாப் டெய்லர், தன் மேலதிகாரி சார்ல்ஸ் ஹெர்ஸ்ஃபெல்டின் அறைக்குள் நுழைகிறார். என் அலுவலகத்தில் மூன்று டெர்மினல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரிலுள்ள கணினியோடு மட்டும்தான் பேசும், இவற்றை இணைக்க ஒரு வலைப்பின்னல் போட்டால் என்ன என்று கேட்கிறார். இருபது நிமிடம் கழித்து வெளியே வரும்போது அவருக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஏவுகணைத் தடுப்பு ஆராய்ச்சிக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்களாம்.

கதை சுவையாகத்தான் இருக்கிறது. இரண்டு ஆண்கள், ஒரு மூடிய அறை, ஒரு துணிச்சலான முடிவு. ஆனால் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, பிறகு வந்த இருபது ஆண்டுகளைப் பற்றி எழுதப்படவில்லை. வலைப்பின்னலைப் போட்டவர்கள் யார் என்பதற்கு வரலாறு உண்டு. போட்ட பிறகு யார் எங்கே இருக்கிறார்கள், எந்தக் கணினிக்கு என்ன பெயர், வழி தெரியாமல் வந்து நிற்பவருக்கு யார் பதில் சொல்வது? இதையெல்லாம் பார்த்துக்கொண்டவர்கள் யார்? அந்தப் 'பார்த்துக்கொள்ளும்' வேலையைத்தான் இங்கே பேசப்போகிறேன். இன்னும் குறிப்பாக, அரசுப் பணம் அந்த வேலையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதியது, அப்படி எழுதியதால் என்னவெல்லாம் நடந்தது என்பதை.

கேட்டி ஹாஃப்னரும் மாத்யூ லயனும் 1996இல் வெளியிட்ட 'வேர் விசார்ட்ஸ் ஸ்டே அப் லேட்', அர்பாநெட் பற்றிப் பரவலாகப் படிக்கப்பட்ட நூல். பலரை நேரில் சந்தித்து, உழைத்து எழுதியது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தலைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மந்திரவாதிகள் இரவெல்லாம் விழித்திருக்கும் இடம். கணினி உலகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் எல்லாக் கதைகளும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன. அறிவு என்பது மந்திரம். அதைச் செய்பவர் நேரம் காலம் பார்ப்பதில்லை. இரவெல்லாம் விழித்திருக்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து பால் காய்ச்ச வேண்டியவர் யாரும் அந்த அறையில் இருந்திருக்க முடியாது என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. இரவில் விழித்திருக்க முடிவது ஒரு வசதி. அந்த வசதியை வீட்டில் யாரோ ஒருவர் செய்து கொடுத்திருக்க வேண்டும்.

அதே வலைப்பின்னலில் இன்னோர் இடம் இருந்தது. அது பகலில் திறந்திருக்கும். கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்ஆர்ஐ என்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் இயங்கிய வலைப்பின்னல் தகவல் மையம். அதையும் சுருக்கி 'நிக்' என்றுதான் அழைத்தார்கள். நம் ஊர் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் இருக்கும் நிக் வேறு. வலைப்பின்னலில் புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமா? அலுவலக நேரத்தில் நிக்குக்கு ஃபோன் செய்ய வேண்டும். அங்கே உங்கள் கணினியின் பெயரையும் முகவரியையும் ஒரு பட்டியலில் ஏற்றுவார்கள். மற்ற கணினிகள் எல்லாம் அந்தப் பட்டியலை எடுத்துக்கொள்ளும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் உங்கள் கணினி யாருக்கும் தெரியாத வீடு. மந்திரவாதி இரவில் என்ன செய்திருந்தாலும், அது மற்றவர்களுக்குக் கிடைக்க மறுநாள் காலை யாராவது ஃபோனை எடுக்க வேண்டியிருந்தது.

நிக்கை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். 'ஜேக்' என்று அழைப்பார்கள். மேற்கு வர்ஜீனியாவில் 1931இல் பிறந்தவர். படித்தது உயிர்வேதியியல்; கணினி அறிவியல் இல்லை. வேதியியல் ஆய்வுகளுக்குச் சுருக்கமும் அட்டவணையும் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு 1960இல் எஸ்ஆர்ஐக்கு வந்தார். மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட், நிக்கின் பொறுப்பைத் தன் ஆய்வகத்துக்கு ஏற்றிருந்தார். 1972இல் அவர் ஃபைன்லரைத் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். அந்த அக்டோபரில் வாஷிங்டனில் அர்பாநெட்டை முதல்முறையாகப் பொதுவில் காட்ட ஏற்பாடாகியிருந்தது. எந்தக் கணினி மையத்தில் என்ன இருக்கிறது, யாரைத் தொடர்புகொள்வது என்று சொல்லும் ஒரு கையேடு அதற்குத் தேவைப்பட்டது. ஒவ்வொரு மையமாகத் துரத்தித் தகவல் திரட்டி அதைத் தயாரித்துக் கொடுத்தார் ஃபைன்லர். 1974 முதல் நிக்கின் பொறுப்பு முழுவதும் அவருடையது. 1989 வரை நடத்தினார். மவுஸைத் தந்த அந்த ஆய்வகத்துக்கு அர்பா பணம் தருவது குறைந்தது. 1977இல் எஸ்ஆர்ஐ அதன் மென்பொருளை டைம்ஷேர் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. வாடகை வீட்டில் ஒட்டுக்குடித்தனம் மாதிரி அதற்குள் இருந்த நிக் மட்டும் எஸ்ஆர்ஐயில் தங்கி, பல மில்லியன் டாலர் பெறும் பணியாக வளர்ந்தது. எங்கெல்பார்டின் தொலைநோக்கு பற்றி நூல்கள் இருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓர் அலுவலகத்தை ஒரு நாளும் நிற்காமல் ஓட்டுவதற்கும் தொலைநோக்கு வேண்டும்தானே?

அந்த அலுவலகத்தில் என்னென்ன நடந்தது என்று விரித்துச் சொன்னால்தான் இதை 'எழுத்தர் வேலை' என்று ஒதுக்குவது எவ்வளவு அபத்தம் என்று புரியும். வலைப்பின்னலில் இருக்கும் மனிதர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் கொண்ட விவரப் புத்தகத்தை அவர்கள் அச்சிட்டார்கள். நெறிமுறைகளைத் தொகுத்துக் கையேடாக வெளியிட்டார்கள். வலைப்பின்னலை எப்படி வடிவமைக்கலாம் என்று ஆளாளுக்கு எழுதிச் சுற்றுக்கு விட்ட ஆர்எஃப்சி என்னும் குறிப்புகளை எல்லோருக்கும் போய்ச் சேரச் செய்தார்கள். 1982இல் ஃபைன்லரின் குழுவைச் சேர்ந்த கென் ஹாரன்ஸ்டீனும் விக் வைட்டும் 'ஹூ-இஸ்' என்ற தேடும் வசதியை வரையறுத்தார்கள். பெயரைத் தட்டினால் ஆள் யார் என்று சொல்லும். 1981 ஆகஸ்டில் 213 கணினிகளே இருந்த பட்டியல், சில ஆண்டுகளில் ஒரே கோப்பாக வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பெருத்தது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டொமைன் பெயர் முறையை வடிவமைத்தார். மேல்மட்டத்தில் என்னென்ன பிரிவுகள் வைப்பது என்ற பேச்சு வந்தபோது, கணினி எந்த வகை இடத்தில் இருக்கிறதோ அதை வைத்தே பிரிக்கலாம், கல்விக்கூடம் என்றால் டாட் எடு, ராணுவம் என்றால் டாட் மில் என்ற யோசனை நிக்கில் உருவானது. 1984 அக்டோபரில் அதை ஆவணமாக்கி எழுதிய இருவரில் ஒருவர் ஜான் போஸ்டல். மற்றவர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற பெண். டாட் காம் இப்படித்தான் வந்தது. இன்னும் பின்னால் போனால், கணினிகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்று 1971இலேயே முன்மொழிந்த ஆர்எஃப்சியில் இருப்பது பெக்கி கார்ப் என்ற பெண்ணின் பெயர்.

பெயர் வைப்பது, முகவரி வைத்துக்கொள்வது, யாருக்கு யாரைத் தெரியும் என்று நினைவில் வைத்திருப்பது. நம் வீடுகளில் இதையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளின் பட்டியல் அப்பாவின் டைரியில் இருக்காது. அம்மாவின் தலைக்குள் இருக்கும். சின்னத் தாத்தாவின் மகள் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாள், அவள் மாமியார் வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா இல்லையா, எல்லாம் அங்கேதான். அது ஒரு பெரிய தரவுத்தளம். ஆனால் 'அம்மா என்ன செய்கிறார்?' என்று கேட்டால் 'சும்மா வீட்டில்தான் இருக்கிறார்' என்போம்.

நிக்கில் ஆண்களும் வேலை பார்த்தார்கள். மேலே இரண்டு பேரைச் சொல்லியிருக்கிறேன். ஆகவே இதைப் பெண்கள் செய்த வேலை, ஆண்கள் செய்த வேலை என்று தலை எண்ணிப் பிரித்துவிட முடியாது. பாலினம் ஆட்களுக்கு ஒட்டப்படுவதைப் போலவே வேலைகளுக்கும் ஒட்டப்படுகிறது. அப்படி ஒட்டும் பசைகளில் முக்கியமானது நிதி ஒதுக்கீட்டின் தலைப்பு. அர்பாவின் பணம் ஆராய்ச்சிப் பணம். வலைப்பின்னல் ஓடத் தொடங்கியதும் அர்பாவுக்கு அதில் ஆர்வம் குறைந்தது. 1975இல் அதை நடத்தும் பொறுப்பு பாதுகாப்புத் தகவல்தொடர்பு முகமையிடம் ஒப்படைக்கப்பட்டது. கண்டுபிடிப்பது ஆராய்ச்சி, கண்டுபிடித்ததை ஓட வைப்பது சேவை. ஆராய்ச்சி செய்தவர் 'முதன்முதலில்' என்ற சொல்லோடு வரலாற்றுக்குள் போகிறார். சேவை செய்தவருக்கு ஒப்பந்தம் இருக்கும். அது முடிந்தால் வேறு ஆளுக்குப் போகும். 1991இல் நிக்கின் ஒப்பந்தம் அப்படித்தான் எஸ்ஆர்ஐயின் கையைவிட்டு வேறு நிறுவனங்களிடம் போனது.

இந்தப் பிரிவினை இயற்கையானது என்று நினைக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு எப்படிப் பெயரிடுவது என்பது ஆராய்ச்சிக் கேள்வியா, நிர்வாக வேலையா? மொக்கபெட்ரிஸ் எழுதும்போது அது ஆராய்ச்சி; நிக்கில் அதையே நாள்தோறும் எதிர்கொண்டவர்களுக்கு அது சேவை. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்ணை 'உழைக்காதவர்' பத்தியில் எழுதுவதற்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. 'சேவை' என்ற சொல்லையே பாருங்கள். வேலை என்றால் கூலி கேட்கலாம், நேரம் கேட்கலாம். சேவை என்றால் புன்னகைதான் கேட்பார்கள்.

இது யாருடைய பணம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தின் ராணுவப் பணம் அது. ஃபைன்லர் அச்சிட்ட விவரப் புத்தகத்தில் இருந்தவர்கள் ராணுவ ஆராய்ச்சியோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவர்களே. அவரைக் கொண்டாடும் அவசரத்தில் இதைத் தாண்டிக் குதிக்க எனக்கு விருப்பமில்லை.

கொண்டாட்டங்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிளேர் எவன்ஸின் 'ப்ராட் பேண்ட்' 2018இல் வந்தது. ஃபைன்லர் உட்பட, வலைப்பின்னல்களை உருவாக்கிய பெண்களின் கதையைச் சொல்வது. படிக்கப் படிக்கச் சந்தோஷம் தரும் நூல். மாணவிகள் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். அதற்கு முன்பே 1999இல் ஜேனட் அபேட் எழுதிய 'இன்வென்டிங் தி இன்டர்நெட்', வடிவமைத்தவர்களோடு பயன்படுத்தியவர்களும் சேர்ந்தே இந்த வலைப்பின்னலை ஆக்கினார்கள் என்று காட்டியது. இவை இல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே முடியாது. ஆனாலும் மறக்கப்பட்ட நாயகிகளை மீட்டெடுக்கும் எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்னோடிகளின் வரிசையில் இன்னும் சில நாற்காலிகளைப் போட்டு அவர்களை உட்கார வைத்துவிட்டால், வரிசை அப்படியே இருந்துவிடும். ஃபைன்லருக்கு 2012இல் இணையப் புகழரங்கத்தில் இடம் கிடைத்தது, தகும். அவரோடு ஃபோன் எடுத்தவர்களுக்கு? முன்னோடி என்ற சொல்லே ஒருவரை முன்னே நிறுத்தித்தான் பொருள் கொள்கிறது. பத்துப் பேர் சுற்றி நின்று செய்யும் வேலைக்கு அது பொருந்தாது.

அரசுப் பணத்தைப் பற்றிய விவாதங்களிலும் இதே மௌனம்தான். 2012 ஜூலையில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வந்த ஒரு பத்தி, இணையத்தை உருவாக்கியது அரசாங்கம் என்பதே கட்டுக்கதை என்று வாதிட்டது. அடுத்த ஆண்டு பொருளியலாளர் மரியானா மாஸுகாட்டோ 'தி ஆன்ட்ரப்ரனூரியல் ஸ்டேட்' நூலில் அதற்கு நேர் எதிரான வாதத்தை வைத்தார். ஐஃபோனுக்குள் இருக்கும் தொழில்நுட்பங்களில் முக்கியமானவை எல்லாம் அரசுப் பணத்தில் பிறந்தவை, இணையமும் அதில் ஒன்று என்று அடுக்கிக் காட்டினார். அரசியலாக நான் மாஸுகாட்டோவின் பக்கம்தான். ஆனால் அவர் அரசை எப்படிப் பாராட்டுகிறார் என்று கவனியுங்கள். அரசு துணிகிறது, அபாயத்தை ஏற்கிறது, தனியார் தயங்கும் இடத்தில் முதலில் இறங்குகிறது. அரசும் ஒரு தொழில்முனைவோர், அதுவும் பெரிய தைரியசாலி! சந்தையின் வீரனுக்குப் பதிலாக அரசை வீரனாக்கியிருக்கிறார். பதினைந்து வருடம் ஒரு பட்டியலைப் பிழையில்லாமல் வைத்துக்கொண்ட அரசுக்கு இந்தப் பாராட்டுரையில் இடமில்லை. பொதுப்பணம் செய்த மிகப் பெரிய காரியம் அந்த இருபது நிமிடத் துணிச்சலைவிட, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் அலுப்பில்லாமல் பணம் கொடுத்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

பராமரிப்பை வீரம் குறைந்த வேலையாக நினைத்தால் அதைக் கைகழுவுவது சுலபமாகிவிடும். 1980களில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை களத்துக்கு வந்தது. ராணுவ ஒப்பந்தம் இல்லாத கல்லூரிகளின் கணினித் துறைகளுக்காக 1981இல் சிஎஸ்நெட்டுக்குப் பணம் கொடுத்தது. சில ஆண்டுகளில் சொந்தக்காலில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1986இல் சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களை இணைக்க என்எஸ்எஃப்நெட்டைத் தொடங்கியது. எட்டரை ஆண்டுகளில் சுமார் 20 கோடி டாலர் செலவானது. வணிகத்துக்கு அதன் முதுகெலும்பைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது. 1992இல் ஒரு சட்டத் திருத்தம் அதைத் தளர்த்தியது. 1995 ஏப்ரல் 30 அன்று என்எஸ்எஃப்நெட் மூடப்பட்டு, போக்குவரத்து முழுவதும் தனியார் நிறுவனங்களின் கம்பிகளுக்குப் போனது. இந்தக் கைமாற்றம் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், கம்பிகளைப் பற்றி. சேவையின் கைமாற்றம்தான் எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது.

நிக்கில் டொமைன் பெயர் பதிவது இலவசம். செலவு அரசினுடையது. 1993இல் அறிவியல் அறக்கட்டளை, ராணுவம் சாராத பெயர்ப் பதிவை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1995 செப்டம்பரில் பதிவுக்கு ஆண்டுக்கு 50 டாலர், முதல் இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து 100 டாலர் என்று கட்டணம் வந்தது. அதில் 30 சதவீதம் இணையத்தின் பொது நன்மைக்கான நிதிக்கு என்று ஒதுக்கினார்கள். 1998இல் அந்தப் பிடித்தத்தையும் நிறுத்திவிட்டார்கள். 2000இல் வெரிசைன் நிறுவனம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸை வாங்க அறிவித்த விலை, பங்குகளின் மதிப்பில், சுமார் 2,100 கோடி டாலர். ஃபைன்லரின் அலுவலகத்தில் ஃபோனை எடுத்து எழுதிவைத்த அதே பட்டியலின் வம்சம்தான். எழுத்தர் வேலை என்று நினைத்தபோது அதற்குப் புகழும் இல்லை, விலையும் இல்லை. தனியார் கைக்குப் போனதும் அது சுரங்கம். இன்றும் 15 கோடிக்கு மேலான டாட் காம் பெயர்களில் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் வெரிசைனுக்கு ஒரு தொகை போகிறது. வீட்டில் அம்மா பொங்குவது சமையல், ஹோட்டலில் பொங்குவது தொழில் என்பது நமக்குப் பழகிய கணக்குதான்.

பணம் மட்டும் இடம் மாறியிருந்தால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். ஹூ-இஸ் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். சில நூறு கணினிகள், ஒருவரையொருவர் ஓரளவு அறிந்தவர்கள், எல்லோருக்கும் அலுவலக முகவரி. அந்த ஊரில் கதவில் பெயர்ப்பலகை மாட்டுவது தப்பில்லை. பட்டியல் விற்கப்பட்டபோது அந்தப் பெயர்ப்பலகை வழக்கமும் அப்படியே சேர்ந்து போனது. யார் ஒரு டொமைன் பெயர் வாங்கினாலும் அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை உலகத்தில் எவரும் பார்க்கலாம். நிறுவனத்துக்கு அது அலுவலக முகவரி. தனக்கென்று ஒரு தளம் வைத்து எழுத நினைக்கும் பெண்ணுக்கு அது வீட்டு முகவரி. தன்னைத் துன்புறுத்திய கணவனிடமிருந்து விலகி வந்தவருக்கு, சாதி பற்றி எழுதி மிரட்டல் வாங்கியவருக்கு, அந்த முகவரி என்னவாகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நிறுவனங்கள் இதற்கு ஒரு வழி செய்தன: கூடுதல் பணம் கட்டினால் முகவரியை மறைத்துத் தருவோம் என்றன. பாதுகாப்பு ஒரு தனிச் சரக்காகிவிட்டது. ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்த 2018 மே மாதத்தில்தான் அந்த விவரங்கள் பொதுப்பார்வையிலிருந்து பெருமளவு மறைந்தன.

நிக்கே தொடர்ந்து நடத்தியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று நான் சொல்லவில்லை. ராணுவத்தின் பட்டியலுக்குத் தனியுரிமையில் என்ன அக்கறை? நான் கேட்பது வேறு. பெயரும் முகவரியும் வைத்துக்கொள்வது ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய வேலை, அதற்கென்று ஆராய்ச்சிப் பணமும் ஆட்களும் வேண்டும் என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தால், விற்பதற்கு முன் யாராவது இந்தக் கேள்வியை எழுப்பியிருப்பார்கள். சாதாரணச் சேவை, கொடுத்துவிடலாம் என்று நினைத்ததால்தான் அது கேட்பாரற்றுப் போனது.

நிக்கின் காகிதங்களைப் பத்திரப்படுத்தியவரும் ஃபைன்லர்தான். சுமார் 350 பெட்டிகள். இன்று கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எஸ்ஆர்ஐக்குப் பிறகு நாசாவில் வேலை பார்த்து அங்கிருந்தும் விலகிய பின், அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தப் பெட்டிகளை வகைப்படுத்திக் கொடுத்தார். தன்னார்வலராக. ஆண்கள் கண்டுபிடித்த வரலாற்றை எழுத வருகிறவர்கள் திறந்து பார்க்கும் பெட்டிகளும் அவைதான்.

இந்தக் கணக்கெழுதும் முறை அமெரிக்காவோடு நிற்கவில்லை. நம்முடைய பாரத்நெட்டை எடுத்துக்கொள்வோம். 2011 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம், சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோவது இலக்கு. குறித்த கெடுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்குச் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒப்புக்கொண்டார்கள். முன்னேற்றத்தை எப்படி அளக்கிறார்கள்? எத்தனை கிலோமீட்டர் இழை போட்டாயிற்று, எத்தனை ஊராட்சிகள் 'சர்வீஸ் ரெடி' ஆயிற்று. சேவைக்குத் தயார்! கம்பி ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து பெட்டியில் விளக்கு எரிந்தால் கணக்கு முடிந்தது. அங்கிருந்து யார் வீட்டுக்கு, யார் கைக்கு, எந்த மொழியில் என்பதெல்லாம் இந்த அளவுகோலில் வருவதில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் 57.1 சதவீதம். பெண்கள் 33.3 சதவீதம்.

அந்த வலைப்பின்னலின் கடைசி முனையில் அரசுக்காகத் தினமும் தரவு ஏற்றுபவர்கள் யார் என்று பார்த்தால் அங்கன்வாடிப் பணியாளர்கள் வருகிறார்கள். 2021 முதல் போஷன் டிராக்கர் என்ற செயலியில் குழந்தையின் எடை, உயரம், வருகை எல்லாவற்றையும் அவர்கள் கைபேசியில் பதிய வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் சிக்னல் தேடி நடப்பதும் அந்த வேலைக்குள் அடக்கம். 2021இல் மகாராஷ்டிரத்தில், கொடுத்த ஃபோன்கள் உழைக்கவில்லை என்று அவற்றை அரசிடமே திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் இருக்கிறது. அதுவும் போராடிப் பெற்றதுதான். ஒன்றிய அரசின் ஏடுகளில் அவர்கள் இன்றைக்கும் கௌரவப் பணியாளர்கள். அவர்களுக்குத் தருவது ஊதியமில்லை, மதிப்பூதியம்.

பாரத்நெட்டுக்குப் பணம் வந்த வழி, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் பிடித்துச் சேர்க்கும் பொதுச்சேவைக் கடப்பாட்டு நிதி. இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். நிறுவனங்களின் வருவாய் என்பது நாம் கட்டும் ரீசார்ஜ்தான். அந்த மதிப்பூதியத்திலிருந்து அங்கன்வாடிப் பணியாளர் தன் சொந்தக் கைபேசிக்குப் போடும் மாத ரீசார்ஜிலிருந்தும் அந்த நிதிக்கு ஒரு பங்கு போகிறது.